தேயிலை மலையில் ஒரு கிளாப் சத்தம்

கேமரன் மலைக்கு நீங்கள் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மளிகைக்கடை நாள்காட்டியிலோ, தேயிலைத் தூள் பொட்டலத்திலோ, அத்தை மகள் கல்யாண ஆல்பத்திலோ அந்தப் பச்சைக் குன்றுகள் என்றைக்கோ உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்ட பிள்ளைத் தலையைப் போல வரிசை வரிசையாகச் செடிகள். நடுவே அடுப்புப் புகையாய் மேகம். பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் படம் பிடிக்கத்தான் கை துறுதுறுக்கும்.

"கேமரா மலைன்னே பேர் வெச்சிருக்கலாம்" என்று வேனில் பக்கத்தில் இருந்த பெரியவர் சொல்லிவிட்டுத் தாமே சிரித்துக்கொண்டார். பெயருக்குக் காரணம் கேமரா அல்ல. 1885-இல் இந்தப் பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்காரர். அவர் வந்துபோய் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் மலைக்கு விடிவு வந்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. முதலாளிகளின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. காட்டை வெட்டி, சரிவில் கால் ஊன்றி, நாற்று நட்டவர்களின் பெயர்களைத் தேடினால் நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளின் பெயர்கள்தாம் அகப்படும். அவை எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை.

தாப்பாவிலிருந்து ஏறும் பாதை உங்களுக்குத் தெரியும். வளைவுக்கு வளைவு வயிறு புரளும். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியில் இறங்கி முகம் கழுவினால் கொஞ்சம் தெளியும். ரிங்லெட் வந்ததும் காற்றின் வாசனை மாறிவிடும். 1963-இல் கட்டி முடித்த அணைக்கட்டின் ஏரியைத் தாண்டி, தானா ராத்தாவையும் தாண்டி, பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதற்கும் மேலே ஒரு தோட்டத்துக்குப் போனேன். போன காரியம் வேறு. அங்கே கண்ட காட்சிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தோட்டத்து மண்சாலையில் இரண்டு வேன்கள், ஒரு லோரி. செடிகளுக்கிடையே மூன்று கால் கட்டையில் ஒரு கேமரா. கறுப்புத் துணி போர்த்திய பெட்டி ஒன்று. குடை பிடித்தபடி நாலைந்து பேர். ஏதோ தொலைக்காட்சி விளம்பரமாம். முக்காடு போட்டுக் கூடை சுமந்து ஒரு பெண் நின்றாள். கோலாலம்பூரிலிருந்து அழைத்து வந்த மாடல் அவள். கொழுந்து பறிப்பதுபோல் நடிக்கவேண்டும். அவளுக்குக் கூடை மாட்டத் தெரியவில்லை. நிஜமாகவே கொழுந்து வெட்டுகிற நம் அக்கா ஒருவர், கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கூடையைச் சரியாக மாட்டிவிட்டு, கேமராவின் கண்ணில் படாத தூரத்துக்கு ஓடிப்போய் நின்றுகொண்டார்.

இந்த ஒரு காட்சி போதாதா? தொண்ணூறு ஆண்டுக் கதையும் அதற்குள் இருக்கிறது.

ஒரு பையன் பலகை ஒன்றைக் கேமராவுக்கு முன்னே நீட்டி, ஏதோ எண்ணைச் சொல்லி, 'டப்'பென்று தட்டினான். உடனே மழை கொட்டியது! சினிமா மழை அல்ல, கேமரன் மழை. எல்லோரும் எடை போடும் கொட்டகைக்குள் ஓடினோம். படப்பிடிப்புக்காரர்கள், தோட்டத்து மக்கள், நான் எல்லோரும் ஒரே தகரக் கூரையின் கீழே.

கூடை மாட்டிவிட்ட அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா பத்திரிகையில எழுதுறவங்கதானே? இவனுக்கு ஒரு நல்ல புத்தி சொல்லிட்டுப் போங்க."

'இவன்' அவருடைய மகன். எஸ்.பி.எம். எழுதி முடித்தவன். காலையிலிருந்து அந்தக் கேமராவைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அவனுக்கு சினிமா வேலைதான் வேண்டுமாம். நடிக்க அல்ல, படம் பிடிக்க.

"அவங்க அப்பா தொழிற்சாலையில, நான் வெளிக்காட்டுல. வேலை இருக்கிற வரைக்கும்தான் இந்த வீடு. இவன் ஏதாச்சும் அரசாங்க வேலையில உக்காந்தாதான் நாங்க கீழே எறங்கி ஒரு வீடு பார்க்க முடியும். சினிமா சோறு போடுமா ஐயா?"

கேட்டீர்களா கேள்வியை? இதற்குப் பதில் சொல்லாமல் 'இலட்சியம்', 'முயற்சி' என்று நாலு வார்த்தை உதிர்த்துவிட்டு வரலாம். மேடையில் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் அந்த அம்மாளின் கால் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழையும் விடுவதாக இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும் என்பதால், சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நம் தோட்டங்களுக்குள் சினிமா எப்படி வந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பாயும் போர்வையுமாகக் குடும்பம் குடும்பமாகப் போய் உட்காருவோம். துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்குக் கதாநாயகன் இடது கையால் சண்டை போடுவான். அதுவும் ஒரு வேடிக்கை. தகவல் இலாகா வேன் வந்தால் படத்துக்கு முன்னால் கொசு ஒழிப்பு, காசநோய் என்று சின்னச் சின்னச் செய்திப் படங்களும் ஓடும். அவற்றில் பலவற்றை எடுத்தது 1946-இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட். 1963-இல் அதற்கு 'ஃபிலிம் நெகாரா' என்று பெயர் மாறியது. அந்தப் படங்களில் நம் தோட்டங்களும் வந்தன, நம் முகங்களும் வந்தன. பால்வாளியோடும் கொழுந்துக் கூடையோடும் சிரித்துக்கொண்டு போகிற முகங்கள். படம் பிடித்தவர் யார், அவர் அந்த வேலைக்கு எப்படிப் போனார் என்று திடலில் இருந்த நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. படம் என்பது வானத்திலிருந்து விழுவது என்றே நினைத்திருந்தோம்.

கேட்ட பிள்ளை ஒருவன் இருந்தான். அவன் இந்த நாட்டுப் பிள்ளை அல்ல, இலங்கைப் பிள்ளை. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939-இல் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அழைத்துப் போனார்கள். போன இடத்தில் ஆங்கிலப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. டேவிட் லீன் என்ற பெரிய டைரக்டர், 1957-இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை இலங்கைக் காட்டில் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மழை வேண்டுமென்று ஒரு சொல் சொன்னார், மழை பெய்தது. பையன் வாயைப் பிளந்துவிட்டான். மழையைக்கூட வரவழைக்கிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறதா! அன்றைக்கே முடிவு செய்தான். பிறகு பூனாத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969-இல் வெளியே வந்தான். அந்தப் பையன்தான் பாலுமகேந்திரா. 'மூன்றாம் பிறை'யில் (1982) ஊட்டியின் குளிரையும் கேத்தி ரயில் நிலையத்தையும் நாம் மறக்க முடியாதபடி காட்டினாரே, அவரேதான். அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் பெற்றார். பாலுமகேந்திராவிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர் பாலா. அந்தப் பாலா 2013-இல் 'பரதேசி' எடுத்தார். தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஏமாற்றி ஓட்டிப்போகப்பட்ட நம் மக்களின் கதை அது. இலங்கைக் காட்டில் வேடிக்கை பார்த்த பையனிடமிருந்து தேயிலைக் காட்டுக் கதை வரைக்கும் ஒரு கயிறு ஓடுவதைப் பார்த்தீர்களா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். டேவிட் லீன் எடுத்த படம் எதைப் பற்றியது தெரியுமா? சயாம் மரண ரயில் பாதை! மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோய்க் கொன்று போட்ட அதே பாதை. நம் குடும்பங்களில் 'சயாமுக்குப் போனவர்' திரும்பாத வீடுகள் எத்தனை! ஆனால் அந்தப் படம் முழுக்க வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வீரம்தான். டேவிட் லீன்மேல் குறை சொல்லிப் பயனில்லை. அவர் அவருடைய ஆட்களின் கதையை எடுத்தார். நம் கதையை எடுக்க அன்று கேமராவுக்குப் பின்னால் நம் ஆள் இல்லை. அவ்வளவுதான்.

பிற்காலத்தில் இந்தக் கேமரன் மலையைக் களமாக வைத்தே ஒரு படம் வந்தது. டான் துவான் எங் எழுதிய நாவலைத் தழுவி, டாம் லின் என்ற தைவான் டைரக்டர் எடுத்த 'தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்' (2019). அழகான படம், பாருங்கள். ஜப்பானியத் தோட்டக்கலைஞர், சீனப் பெண், தேயிலைத் தோட்ட முதலாளி ஆகியோர்தான் அந்தக் கதையின் நடுவில் நிற்பவர்கள். கொழுந்துக் கூடைகளின் கதையை எடுக்க வேறொருவர் வரவேண்டும்.

"சரி ஐயா, வரட்டும். அது ஏன் எம்புள்ளையா இருக்கணும்?" என்றார் அக்கா. நியாயமான கேள்வி. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நம் நாட்டிலேயே எல். கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். 1922-இல் சென்னையில் பிறந்து, சிறு வயதில் பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். போர் முடிந்த பிறகு மறுபடியும் சென்னைக்குப் போய் அங்குள்ள ஸ்டூடியோக்களில் வேலை பழகினார். திரும்பி வந்து சிங்கப்பூரில் மலாய்ப் படங்களை இயக்கினார். பி. ரம்லியைத் தெரியாதவர் இந்த நாட்டில் உண்டா? அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியது எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' (1950) என்ற மலாய்ப் படம்தான். அந்தக் காலத்து மலாய்ப் படங்களுக்கு டைரக்டர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி. எஸ். ராஜ்ஹான்ஸ், பி. என். ராவ், பணி மஜும்தார் என்று ஒரு வரிசை. பி. ரம்லி அவர்களிடம் நடித்துக்கொண்டே, பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1955-இல் 'பெனாரெக் பேச்சா'வைத் தாமே இயக்கினார். கல்லூரி இல்லை, சான்றிதழ் இல்லை. ஸ்டூடியோதான் பள்ளிக்கூடம். பிறகு அவர் படம் எடுத்த உலு கிளாங் மெர்டேக்கா ஸ்டூடியோ இருந்த இடத்தில்தான் இன்று ஃபினாஸ் என்ற தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது அது. நம் பிள்ளை ஒருவன் பயிற்சிக்கென்று அங்கே போய் நின்றால், பி. ரம்லி நின்ற மண்ணில் நிற்கிறான் என்று அர்த்தம்.

மழை இன்னும் விடவில்லை. பலகை தட்டிய பையன் தேநீர்க் கோப்பையோடு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தான். பாகான் செராய்ப் பக்கம். தாத்தா பால்மரம் வெட்டியவராம்.

"ஒரு வருசமா இந்தப் பலகைதான் அங்கிள். இதுக்கு முன்னாடி ஒரு வருசம் டீ வாங்கிக் குடுத்தேன், லைட்டுக் கம்பி சுத்தினேன்" என்றான் சிரிப்போடு.

அந்தப் பலகையை எதற்குத் தட்டுகிறார்கள் என்று தோட்டத்துப் பையன் கேட்டான். நீங்களும் பலமுறை பார்த்திருப்பீர்கள். கேமரா படத்தை மட்டும் பிடிக்கிறது. ஒலியை வேறொரு கருவி தனியாகப் பிடிக்கிறது. பிற்பாடு இரண்டையும் ஒட்டவேண்டும். பலகை மூடுகிற காட்சியையும் 'டப்' என்ற சத்தத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துவிட்டால், அதற்குப் பின்னால் பேசுகிற வாயும் வார்த்தையும் தானாகப் பொருந்திவிடும். அதில் எழுதியிருக்கும் எண்தான் வெட்டி ஒட்டுகிற எடிட்டருக்கு வழிகாட்டி. எண்ணைத் தப்பாக எழுதினால் நாள் முழுக்கப் பிடித்தது குப்பையில் தேடுகிற பொருளாகிவிடும். அற்ப வேலை என்று நினைத்தோமே, எத்தனை பொறுப்பு!

மழையைப் பற்றியும் ஒரு சங்கதி சொன்னான். கண்ணால் பார்க்கிற மழை கேமராவில் சரியாகத் தெரியாதாம். மழைக்குப் பின்னாலிருந்து விளக்கு அடித்தால்தான் துளிகள் வெள்ளிக் கம்பி போல மின்னுமாம். முன்னாலிருந்து அடித்தால் மழை மறைந்துபோகும், நனைந்த ஆள் மட்டும் தெரிவான். இதைக் கேட்டதும் தோட்டத்துப் பையன் திடுக்கிட்டு வெளியே பார்த்தான். பிறகு மெதுவாக, "ஆமா, ராத்திரி லோரி எதுக்க வந்தாத்தான் மழை நல்லாத் தெரியும். நம்ம டார்ச்சுல தெரியாது" என்றான்.

அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்தத் தொழிலுக்கு வேண்டிய பாதிப் பாடத்தை மலைப் பிள்ளை சும்மாவே படித்து வைத்திருக்கிறான். எந்தக் குன்றில் எத்தனை மணிக்கு வெயில் விழும், மேகம் எந்தப் பள்ளத்திலிருந்து ஏறும், அது மூடினால் எவ்வளவு நேரத்தில் விலகும் என்பதெல்லாம் கோலாலம்பூர் டைரக்டருக்குத் தெரியாது. பெரட்டுக்குப் போகிற அம்மாவோடு விடியலில் எழுந்த பிள்ளைக்குத் தெரியும். ஒரு காட்சியைப் பத்துத் தடவை பிடிக்கும்போது வெயில் மாறினால் ஒட்டும்போது பல்லிளிக்கும். வெளிப்புறப் படப்பிடிப்பில் பாதி வேலை மேகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான். குளிரூட்டிய வேனுக்குள் இருந்த கேமராவைச் சட்டென்று ஈரக் காற்றில் எடுத்தால், மூக்குக்கண்ணாடியில் நீராவி படிவதுபோல் லென்சில் படிந்துவிடும். கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே வைத்து வெளிக்காற்றுக்குப் பழக்கவேண்டும். அரிசிப் பானையை இறக்கிவைத்து ஆறவிடுகிற பொறுமைதான்.

மீதிப் பாதியைப் படித்துத்தான் ஆகவேண்டும். எங்கே படிப்பது?

கோலாலம்பூரில் அஸ்வாரா என்ற அரசாங்கக் கலைக் கழகம் இருக்கிறது. 1994-இல் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கியது. அங்கே திரைப்படத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. எஸ்.பி.எம். முடித்தவர்கள் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். மார்க்கோடு நேர்முகத் தேர்வும் இருக்கும். எஸ்.டி.பி.எம். வரை போகிற பிள்ளைக்குப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் சினிமாக் கலைக்கென ஒரு பிரிவு இருக்கிறது. தனியார் என்பதால் கட்டணம் கூடுதல். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வாங்கலாம். ஆனால் கடன் கடன்தான், திருப்பிக் கட்டவேண்டும் என்பதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஃபினாஸ் குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறது. கடல் கடந்து போக வசதி உள்ளவர்களுக்குச் சென்னைத் தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் உள்ள அரசுத் திரைப்படக் கல்லூரியும் ஒன்று. 1945-இல் தொடங்கிய பழைய பள்ளி அது. ஒளிப்பதிவாளர் பி. சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர்.

என்னைக் கேட்டால், எந்தப் பள்ளியானாலும் கேமரா மட்டும்தான் சினிமா என்று எண்ணிப் போகவேண்டாம். ஒலிப்பதிவு, விளக்கு, எடிட்டிங், உடை, கணக்கு, ஆள் அம்பு சேர்க்கிற தயாரிப்பு நிர்வாகம் என்று இருபது வேலைகள் இருக்கின்றன. எல்லோரும் டைரக்டர் நாற்காலிக்கே முட்டிக்கொள்வதால் அங்கே நெரிசல். நல்ல ஒலிப்பதிவாளருக்கோ தேடிவந்து அழைப்பு வரும். கணக்கில் கெட்டிக்காரியான நம் வீட்டுப் பெண் தயாரிப்பு நிர்வாகத்துக்குப் போனால், பத்து டைரக்டர்கள் அவளிடம் வந்து நிற்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. 'உங்கள் பிள்ளைக்குச் சினிமாவில் சான்ஸ், முன்பணம் கட்டுங்கள்' என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். என் தங்கை மகன் ஒருவன் அப்படித்தான் ஒரு கம்பெனியில் இரண்டாயிரம் வெள்ளி கட்டினான். ஒரு சட்டை, ஒரு அடையாள அட்டை, நாலு புகைப்படம் கிடைத்தன. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வேலை கொடுக்கிறவன் சம்பளம் தருவான், வாங்க மாட்டான். தோட்டத்தில் பிறந்த நமக்கு இது தெரியாதா? சினிமா என்றதும் மறந்துவிடுகிறோம்.

"சோறு போடுமா?" என்ற கேள்விக்கு வருகிறேன். போடும், ஆனால் தோட்டத்துச் சம்பளம்போல் மாதம் பிறந்தால் வராது. பெரும்பாலும் நாள் கூலிதான். ஒரு மாதம் மூச்சுவிட நேரமிருக்காது; அடுத்த மாதம் கைபேசி அடிக்காது. முதலாளி என்று ஒருவர் நிலையாக இல்லாததால் இ.பி.எப்., சொக்சோ இரண்டையும் பிள்ளையே பார்த்துக்கொள்ளவேண்டும். சுயதொழில் செய்பவர்களும் இ.பி.எப்.பில் தாமாகக் கட்டலாம். சொக்சோவிலும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுயதொழிலாளர்களுக்குத் திட்டம் இருக்கிறது. லைட் ஏற்றுகிறவன் ஏணியிலிருந்து விழாமலா இருப்பான்? ஆகவே முதல் சம்பளத்திலேயே இதைத் தொடங்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டுக்குப் பணம் அனுப்புவான் என்று கணக்குப் போடவேண்டாம். வீடு அவனை நம்பித்தான் கீழே இறங்கவேண்டுமென்றால், அந்த வீட்டுக்கு இந்தத் தொழில் உடனே கைகொடுக்காது. இதை அந்த அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வாடியது. பையன் முகமும்தான். ஆனாலும் பொய் சொல்லி அனுப்புவதைவிட இது மேல்.

நம் பிள்ளைகள் எடுத்த படங்களின் கதையையும் சொன்னேன். 2005-இல் தீபக் குமரன் மேனன் என்ற இளைஞர் 'செம்மண் சாலை' எடுத்தார். 1960-களின் ரப்பர் தோட்டத்தில், மேல்படிப்புக்கு ஏங்குகிற ஒரு பெண்ணின் கதை. பிலிம் வாங்கக் கட்டுப்படியாகாத காலத்தில் டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. ஹாலந்தின் ராட்டர்டாம் விழா வரைக்கும் போனது. சண்டை இல்லை, குத்துப்பாட்டு இல்லை. நம் லயத்து வாசல், நம் பேச்சு.

பத்தாண்டு கழித்து, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டுப் புறம்போக்குக் குடிசைக்கு வந்த குடும்பத்தில், அப்போய் என்ற சிறுவன் எப்படித் தடம் மாறுகிறான் என்பது கதை. பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைத்தது. நம் தெருவில் நடந்ததுதானே! 2016-இல் மலேசியத் திரைப்பட விழா வந்தபோது, மலாய் மொழியில் இல்லாத படங்களுக்கென்று தனிப் பரிசு வைத்துப் பிரித்துவிட்டார்கள். தமிழ், சீனப் படக்காரர்கள் மட்டுமல்ல, மலாய்க் கலைஞர்களும் இதை எதிர்த்தார்கள். நடிகர் அஃப்ட்லின் ஷாவ்கி விழாவையே புறக்கணிப்பதாக அறிவித்தார். கடைசியில் பரிசுகளை மாற்றி அமைத்தார்கள். 'சிறந்த மலேசியப் படம்' என்ற பரிசு ஜகாட்டுக்கு வந்தது. தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பத்தின் தமிழ்க் கதை, இந்த நாட்டின் சிறந்த படம்! அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் இரண்டு தடவை பசியாறினேன் என்று என் மனைவி இன்றும் கேலி செய்வாள்.

ஆனால் ரப்பர் தோட்டத்துக்குக் கிடைத்த கதைகள் தேயிலை மலைக்கு இன்னும் பாக்கி. இன்று அந்தத் தோட்டத்து வரிசைகளில் நீங்கள் நடந்தால் வங்காளதேசப் பேச்சும் நேப்பாளப் பேச்சும்தான் அதிகம் காதில் விழும். நம் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கின்றன. இறங்கட்டும், நல்லதுதான். ஆயாக் கொட்டகையின் பாட்டு, துரை வீட்டு நாய், கங்காணிக்குப் பயந்து செடிக்குள் ஒளிந்தது ஆகியவற்றையெல்லாம் சொல்லத் தெரிந்த பாட்டி இன்னும் எத்தனை நாள் இருப்பார்? கைபேசியில் பிடித்து வைக்கக் கல்லூரிச் சான்றிதழ் வேண்டியதில்லை. "அஸ்வாரா நேர்முகத்துல 'என்ன எடுத்திருக்கே'ன்னு கேட்டா எதைக் காட்டுவே?" என்று பையனைக் கேட்டேன். அவன் கொஞ்சம் தயங்கி, "பாட்டியைக் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன் அங்கிள்" என்றான். அக்காவுக்கே அது புதுச் செய்தி. "எப்படா எடுத்தே?" என்று முறைத்தார்.

மழை விட்டது. மலை முழுக்க ஆவி பறந்தது. டைரக்டர் ஓடிப்போய் மேகத்தைப் பார்த்தார். தோட்டத்துப் பையன் பலகைப் பையனிடம், "இன்னும் பத்து நிமிசத்துல அந்தப் பள்ளத்துலேர்ந்து ஏறி மறுபடி மூடும், இப்பவே எடுத்துடச் சொல்லுங்கண்ணே" என்றான். பலகைப் பையன் போய் எதையோ சொன்னான். டைரக்டர் திரும்பி ஒரு தடவை பார்த்தார். பிறகு ஆட்களை அவசரப்படுத்தினார்.

ஒலிப்பதிவு செய்தது ஓர் இளம்பெண். சுங்கை சிப்புட்டாம். மாடலின் கையிலிருந்த கத்தரி வெறும் சத்தம்தான் போட்டது, வெட்டவில்லை. "அக்கா, நீங்க கொஞ்சம் வெட்டுங்களேன், சத்தத்தை மட்டும் எடுத்துக்கிறேன்" என்று கெஞ்சினாள். அக்கா கூச்சத்தோடு செடிக்குள் இறங்கினார். நீளக் கம்பில் மைக்கை நீட்டி அவள் பிடித்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சரக், சரக், சரக். ஈர இலை விழும் ஓசை. எங்கோ ஒரு பறவை.

முடிந்ததும் அந்தப் பெண் தன் காதுக் கருவியைக் கழற்றி அக்காவின் முக்காட்டுக்கு மேலேயே மாட்டிவிட்டு, பதிவை ஓடவிட்டாள். அக்கா அசையாமல் நின்று கேட்டார். இருபத்திரண்டு வருடமாக அவர் போட்ட சத்தம்.

"நம்ம கத்தரியா இது?" என்றார். பிறகு கருவியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இந்த வேலைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு குடுப்பாங்க?" என்று கேட்டார்.

அவள் காதோடு சொன்னாள். அக்கா விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். பள்ளத்திலிருந்து மேகம் ஏறத் தொடங்கியிருந்தது.

"டேய், கொடியில துணி காயுது. போய் எடுத்து வெச்சுட்டு வா" என்றார் மகனிடம். அவன் ஓடத் திரும்பினான். "சீக்கிரம் வந்துடு. இவங்க சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பாங்களாம்."